எக்ஸோசோம் ஊசி போடலாமா?

கூடலூர், பந்தலூர் பக்கமிருந்து சிக்கிள் செல் (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை ரத்த நோய்) உள்ள பிள்ளைகளை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டி வருபவர்களில் சிலர் இப்போது செல்போனை நீட்டி விளம்பரம் காட்டுகிறார்கள். மூட்டு வலி, முடி உதிர்வு, ரத்த நோய் எல்லாவற்றுக்கும் எக்ஸோசோம் ஊசியாம். “டாக்டர், பையனுக்குப் போடலாமா?” வேண்டாம் என்கிறேன்.

எக்ஸோசோம் பொய்யல்ல. நம் உயிரணுக்கள் வெளியே அனுப்பும் நுண்பைகள் அவை. 30 முதல் 150 நானோமீட்டர்தான். லேபில் உள்ள சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது. உள்ளே புரதம், கொழுப்பு, மரபணுச் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ இருக்கும்.

இவை முதலில் பிடிபட்டதே நாங்கள் தினமும் எண்ணும் ரெட்டிகுலோசைட்டில்தான், அதாவது முதிராத சிவப்பணுவில். சிக்கிள் செல் நோயில் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிவதால் எலும்பு மஜ்ஜை இந்த இளசுகளை அவசரமாக அனுப்பும். ரிப்போர்ட்டில் எண்ணிக்கை கூடும். முதிர்ந்த அணுவுக்கு இரும்பு தேவையில்லை. அதனால் ரெட்டிகுலோசைட் முதிரும்போது இரும்பை வாங்கும் ஏற்பிகளைப் பைக்குள் கட்டி வெளியே தள்ளிவிடுகிறது. 1983-இல் கனடாவில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவினர் செம்மறியாட்டு அணுக்களிலும், அமெரிக்காவில் பிலிப் ஸ்டால் குழுவினர் எலி அணுக்களிலும் இதைப் பார்த்தார்கள். குப்பை அகற்றும் வேலை என்றே வெகுகாலம் பேசப்பட்டது. அதிலுள்ள ஆர்என்ஏ வேறோர் அணுவுக்குள் போய் வேலை செய்வதை 2007-இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டிய பிறகுதான் மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஆனால் போகிற சரக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது? புற்றுநோய் அணுக்களும் எக்ஸோசோம் அனுப்பி, தாங்கள் பரவப்போகும் உறுப்பை முன்கூட்டியே பக்குவப்படுத்துகின்றன. ஆகவே எந்த அணுவிலிருந்து எடுத்தது, எப்படிச் சுத்திகரித்தது, ஊசியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்காமல் உடம்பில் ஏற்றக்கூடாது. நெப்ராஸ்கா மாநிலத்தில் இந்தச் சிகிச்சை பெற்ற சிலருக்குக் கடுமையான பாதிப்பு வந்ததும், 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பொதுமக்களை எச்சரித்தது. ஒப்புதல் பெற்ற எக்ஸோசோம் மருந்து எதுவும் இல்லை என்றும் அப்போது சொன்னது.

எனக்கு நம்பிக்கை ஊசியில் இல்லை, பரிசோதனையில். சிறுநீரிலுள்ள எக்ஸோசோமை வைத்து புராஸ்டேட் புற்றுநோய் அபாயத்தைக் கணிக்கும் டெஸ்ட் அமெரிக்காவில் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

இந்தியாவில் சிக்கிள் செல் முதலில் கண்டறியப்பட்டது 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அந்தக் குடும்பங்களுக்கு ஒன்று: டாக்டர் எழுதிய ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையை விளம்பரத்தை நம்பி நிறுத்தாதீர்கள். பனிக்காலத்தில் ஸ்வெட்டர் இல்லாமல் பிள்ளையை வெளியே விடாதீர்கள். குளிர் வலியைக் கிளப்பும். ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால் குப்பியின் லேபிளைக் கேட்டு வாங்கி வையுங்கள். காய்ச்சலோ, ஊசி போட்ட இடத்தில் வீக்கமோ வந்தால் அதை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.