கண்ணுக்குள் எண்ணெய் இருக்கும்போது பிரஷர் ஏன் ஏறுகிறது?

உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ மதுரைக்கு வந்து விழித்திரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் "கண்ணில் பிரஷர் ஏறியிருக்கு" என்று டாக்டர் சொன்னால், "பி.பி. மாத்திரை ஒழுங்காத்தானே போடுறேன்?" என்பார்கள். அது வேறு, இது வேறு. கண்ணுக்குள் எந்நேரமும் ஒரு நீர் சுரந்து, கார்னியாவும் (கண்ணின் முன்பக்கக் கண்ணாடி போன்ற படலம்) ஐரிஸும் (பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையம்) சேரும் மூலையில் உள்ள நுண்ணிய சல்லடை வழியாக வடிந்துகொண்டே இருக்கிறது. வடிவது தடைபட்டால் அழுத்தம் ஏறும். 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பு.

கழன்ற விழித்திரை திரும்ப ஒட்டும்வரை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கத்தான் ஆபரேஷனில் கண்ணுக்குள் சிலிக்கான் எண்ணெய் வைக்கிறார்கள். குழம்பில் எண்ணெய் மேலே திரள்வதுபோல இதுவும் நீரில் மிதக்கும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும் பலதும் இதனால்தான்.

பிரஷர் எப்போது ஏறியது என்று தெரிந்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். முதல் ஓரிரு நாளில் என்றால் எண்ணெய் கொஞ்சம் அதிகமாகப் போயிருக்கலாம், அல்லது கண்ணின் பாப்பாவை (ஐரிஸின் நடுவில் உள்ள கறுப்புத் துவாரம்) அது அடைத்து, பின்னால் சுரக்கும் நீரை முன்னால் வரவிடாமல் செய்திருக்கலாம். லென்ஸ் இல்லாத கண்ணில் இந்த ஆபத்து அதிகம், அதனால் ஐரிஸின் அடியில், கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தில், சின்ன ஓட்டை போடுவார்கள். ஆண்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1985-ல் விவரித்த முறை இது. மேலே போட்டால் மிதக்கும் எண்ணெயே அதை மூடிவிடும்.

சில வாரம் கழித்து ஏறினால் முதல் சந்தேகம் ஸ்டீராய்டு சொட்டு மருந்தின் மேல். சிலருடைய கண்ணுக்கு அது ஒத்துக்கொள்ளாது. டாக்டர் குறைப்பார், இல்லை மாற்றுவார். கண் சிவந்தால் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதையே வாங்கிப் போடுகிறார்களே, என்னைக் கேட்டால் எண்ணெயைவிட அதுதான் பயம்.

மாதக்கணக்கில் ஆனால் எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாக உடைந்து சல்லடையில் போய் அடைக்கும். பார்த்தால் சீழ் மாதிரி தோன்றலாம், ஆனால் சீழ் என்றால் கண்ணின் முன்னறையில் (கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் நடுவில்) அடியில் படியும். இந்த எண்ணெய்த் துளிகளோ மேலே வெள்ளைப் பட்டையாக நிற்கும். பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில் எண்ணெயை எடுத்துவிடுவார்கள். ஆனால் சல்லடை கெட்டுப்போயிருந்தால் எடுத்த பிறகும் பிரஷர் இறங்காமல் போகலாம்.

முதலில் டிமோலால், டோர்சோலமைடு மாதிரி சொட்டு மருந்துதான். ஆஸ்துமா இருந்தால் டிமோலாலுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அசெட்டசோலமைடு மாத்திரை வேகமாக இறக்கும், ஆனால் விரல் நுனியெல்லாம் மரமரக்கும், சோடா குடித்தால் சப்பென்றிருக்கும். சிறுநீரகக் கோளாறோ சல்ஃபா வகை மருந்துக்கு அலர்ஜியோ இருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. இதற்கும் மசியவில்லை என்றால் நீர் சுரப்பைக் குறைக்க லேசர், அல்லது நீரை வெளியே வடிக்கக் குழாய். மதுரை ஆரோலேப் நிறுவனம் தயாரிக்கும் குழாயும் இதில் ஒன்று. வழக்கமாகக் கண்ணின் மேல்பக்கம் வைப்பதை, எண்ணெய் உள்ள கண்ணில் கீழ்ப்பக்கம் வைப்பார்கள். மேலே வைத்தால் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும்.

மெதுவாக ஏறும் பிரஷர் வலிக்காது, அதனால் செக்கப்பைத் தள்ளிப்போடாதீர்கள். சட்டென்று ஏறினால் கண்வலி, தலைவலி, வாந்தி வரும். பித்தம் என்று சுக்குத் தண்ணீர் குடித்துப் படுத்துவிடாமல் அன்றைக்கே கிளம்புங்கள், போனதும் கண்ணில் எண்ணெய் இருப்பதை முதலில் சொல்லுங்கள்.