வென்ற காசு வருமானம் இல்லை, பிள்ளைகளே

இனிமேல் யாரும் போக்கர் என்ற, காசு வைத்து ஆடும் சீட்டாட்டத்தின் ஸ்கிரீன்ஷொட்டை என் மேசையில் வைத்து வருமான உறுதிக் கடிதம் கேட்க வேண்டாம். தர மாட்டேன். நான் மட்டுமல்ல, தொழிலை மதிக்கும் எந்தக் கணக்காளரும் தரமாட்டார்.

மட்டக்களப்பில் கணக்குப் பார்க்கிறேன். படுவான்கரையில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தும் வருகிறார்கள். இந்தப் போக்கர் கதையோடு முன்பு வந்தவர்கள் ஆண் பிள்ளைகள். இப்போது பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். கடைசியாக வந்த தங்கச்சி படித்தவர், கணக்கில் கெட்டிக்காரி. "மிஸ், நான் பொழுதுபோக்குக்கு விளையாடுறதில்ல. இது என்ட தொழில். வனெசா செல்ப்ஸ்ட் மாதிரி வரப்போறன்" என்றார். போனில் 'மொத்த வெற்றி' என்று ஒரு தொகை இருந்தது. சரி, வங்கி அறிக்கையைக் காட்டுங்கள் என்றேன். உள்ளே வந்த காசு நாலு வரி. வெளியே போன காசு நாலு பக்கம்.

பெண்களுக்கு இது சரிவராது என்று சொல்ல நான் வரவில்லை. செல்ப்ஸ்ட் உலகப் போக்கர் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்த பெண். உலகப் போக்கர் தொடரில் (WSOP, இனி உலகத் தொடர்) மூன்று முறை பட்டம் வென்றவர். நேரடிப் போட்டிகளில் அவர் பெற்ற பரிசு 11 மில்லியன் டொலருக்கு மேல். போக்கரில் திறமை இருக்கிறது, அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் அவரைப் பற்றி அந்தத் தங்கச்சிக்குத் தெரியாத இரண்டு விடயங்கள் உண்டு. அவர் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். 2017 முடிவில் தொழில்முறைப் போக்கரை விட்டு ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலைக்குப் போய்விட்டார். அந்த வருடம் உலகத் தொடரின் பிரதான போட்டிக்கு 10,000 டொலர் கட்டி உட்கார்ந்தவர், கையில் ஏஸ் ஃபுல் ஹவுஸ் என்ற பலமான சீட்டுச் சேர்க்கை இருந்தும், அதையும் வெல்லும் நாலு ஏழு வைத்திருந்த கயேல் போமனிடம் முதல் நாளிலேயே வெளியேறினார். அவர் பிழையாக ஆடவில்லை. நல்ல ஆட்டக்காரருக்கும் அப்படி நடக்கும். அதைத் தாங்குவதற்கு அவரிடம் வேறு காசும் வேறு படிப்பும் இருந்தன.

இப்போது எனக்கு எரிச்சல் தரும் இடத்துக்கு வருகிறேன். பேப்பரில், யூடியூப்பில், போக்கர் தரவுத் தளங்களில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே போடும் மில்லியன் கணக்கு, அவர் பெற்ற பரிசுகளின் கூட்டுத்தொகை மட்டுமே. நுழைவுக் கட்டணம் கழிக்கப்படுவதில்லை. தோற்ற போட்டிகள் அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. விமானச் சீட்டு, ஹோட்டல், வரி, ஒன்றுமே கழிக்கப்படுவதில்லை. ஒருவர் 10,000 டொலர் போட்டி இருபதில் ஆடி, ஒன்றில் மட்டும் 1,50,000 டொலர் வென்றார் என்று வையுங்கள். தளத்தில் அவர் 1,50,000 வென்றவர். என் பேரேட்டில் 50,000 நட்டப்பட்டவர், அதுவும் செலவு சேர்க்காமல். அம்பாறைப் பக்கத்தில் எந்த வயல்காரரிடமாவது போய், இத்தனை மூடை நெல் விற்றீர்கள், அவ்வளவும் இலாபம்தானே என்று கேட்டுப் பாருங்கள். விதைநெல், உரம், களைநாசினி, உழவுக்கூலி, வெட்டு மெஷின் வாடகை என்று விரல் மடிப்பார். அவருக்குத் தெரிகிறது, பட்டம் வாங்கிய பிள்ளைக்குத் தெரியவில்லை.

உலகத் தொடரின் 2023 பிரதான போட்டியையே எடுங்கள். ஆடியவர்கள் 10,043 பேர், கட்டணம் ஆளுக்கு 10,000 டொலர். பரிசு கிடைத்தது 1,507 பேருக்கு. மீதி எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெறுங்கையோடு போனார்கள். பரிசு பெற்றவர்களிலும் மிகக் கீழே இருந்தவர்களுக்குக் கிடைத்தது 15,000. லாஸ் வேகாஸ் போய்வந்த செலவுக்கே அந்த மேலதிகம் காணாது. பேப்பரில் வந்தது 12.1 மில்லியன் வென்ற ஒருவரின் படம்.

வென்றவருக்கும் முழுத்தொகை கையில் வராது. 2018இல் உலகத் தொடரில் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் நிகிதா லூதர். பெரிய சாதனைதான். ஆனால் அது இரட்டையர் போட்டி, பரிசு இரண்டு பேருக்குப் பொது. அமெரிக்காவில் வெல்லும் வெளிநாட்டவரிடம், வரி ஒப்பந்தத்தில் விலக்கு இல்லாவிட்டால், 30 சதவீதத்தை அங்கேயே பிடிப்பார்கள். இதைவிட, பல தொழில்முறை ஆட்டக்காரர்கள் தங்கள் ஆட்டத்தின் பங்கை மற்றவர்களுக்கு விற்றுத்தான் நுழைவுக் கட்டணம் கட்டுகிறார்கள். வென்றால் பங்குக்காரருக்குப் பிரிக்க வேண்டும். (என்னைப் போன்ற கணக்காளர்களுக்கு ஒரு செய்தி: அமெரிக்காவில் 2026 முதல் சூதாட்ட நட்டத்தில் 90 சதவீதத்தையே கழிக்க முடியும். ஒரு இலட்சம் வென்று ஒரு இலட்சம் தோற்றவர், கையில் சதம் இல்லாமல் பத்தாயிரத்துக்கு வரி பார்க்க வேண்டும். அந்தப் படிவம் என் மேசைக்கு வராதது என் அதிர்ஷ்டம்.)

செயலியில் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு கழிவு. ஒவ்வொரு பொட்டிலும், அதாவது ஒரு ஆட்டத்தில் சேரும் பந்தயக் காசிலும், நடத்துபவர் தன் பங்கை எடுப்பார், பெரும்பாலும் 5 சதவீதம் வரை. ஆறு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டு ஆடுகிறார்கள், மேசையில் ஆறாயிரம். சராசரி 400 ரூபாய் பொட்டில் 20 ரூபாய் போனால், நூறு ஆட்டத்தில் இரண்டாயிரம் காணாமல் போய்விடும். ஒன்லைனில் நூறு ஆட்டம் ஓட இரண்டு மணித்தியாலம்கூடத் தேவையில்லை. அந்த ஆறு பேரும் சம திறமைசாலிகள் என்றால் போகப்போக ஆறு பேருக்கும் நட்டம். செத்த வீட்டில் விடிய விடிய 304 சீட்டு அடிக்கும்போது யாரும் மேசைக்கு வாடகை கேட்பதில்லை, அதனால்தான் இந்தக் கணக்கு எங்களுக்குப் பழக்கமில்லை.

விளம்பரத்தில் சிரிக்கும் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களில் பலருக்கு உறுதியான வருமானம் என்பது அனுசரணை நிறுவனம் தரும் காசு. அந்தக் காசு மேசையில் கழிக்கப்படும் பங்கிலிருந்துதான் வருகிறது, அதாவது உங்களிடமிருந்து. இதில் நான் மதிக்கும் ஆள் விக்டோரியா கோரன் மிட்செல். ஐரோப்பியப் போக்கர் தொடரை 2006இலும் 2014இலும் வென்று, இரண்டு முறை வென்ற முதல் ஆள் ஆனவர். 2014இல் தனது அனுசரணை நிறுவனம் கசினோ விளையாட்டுகளைத் தொடங்கியதும், அதை என்னால் விளம்பரப்படுத்த முடியாது என்று விலகிவிட்டார். அவருக்குத் தொலைக்காட்சியும் எழுத்தும் இருந்தன, விலக முடிந்தது.

சட்டம் ஒரு நாளில் மாறலாம் என்பதையும் நினையுங்கள். இந்தியாவில் 2025 ஓகஸ்ட்டில் பணம் வைத்து ஆடும் ஒன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் வந்தது. பெரிய தளங்கள் பண ஆட்டத்தை உடனே நிறுத்தின. அதையே தொழில் என்று எழுதி வைத்திருந்தவர்களின் நிலை என்ன?

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

ஆடித்தான் தீருவேன் என்றால் ஒரு கொப்பி வாங்குங்கள். போட்டதையும் எடுத்ததையும் அன்றன்றைக்கே எழுதுங்கள், டேட்டா காசு உட்பட. மூன்று மாதம் எழுதிவிட்டு என்னிடம் வாருங்கள். எழுதத் தொடங்கியவர்களில் அனேகர் வருவதில்லை, அது வேறு கதை.

செயலியில் ஆடக் காசு வாங்கும் ஏஜென்டின் சொந்தக் கணக்குக்குக் காசு போடாதீர்கள். உங்கள் கணக்கில் இன்னொருவரின் காசு வந்து போக விடவே விடாதீர்கள், கொமிஷன் தந்தாலும். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ், சந்தேகமானதை வங்கி அறிவித்தே ஆக வேண்டும். விசாரணைக்குப் போகப்போவது கணக்கின் சொந்தக்காரர், நீங்கள். வங்கி அட்டையால் கிரிப்டோ வாங்கிப் போடுவதற்கும் இலங்கையில் அனுமதி இல்லை.

நகையை வைத்து ஆடாதீர்கள். நுண்கடன் எடுத்து ஆடாதீர்கள். அந்தக் கடன்கள் இந்த மாவட்டத்துப் பெண்களை என்ன பாடு படுத்தின என்று உங்கள் வீட்டிலேயே யாரையாவது கேளுங்கள்.

நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்றால் அது கணக்காளரின் வேலை இல்லை. 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை அம்மா, போங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடயம் தெரியவந்த அன்று பிள்ளையைத் திட்டித் தீர்ப்பதை ஒத்திவையுங்கள். முதலில் அடகுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, மீட்பதற்கான கடைசித் திகதியைப் பாருங்கள். பல இடங்களில் அதற்கு முன்னர் வட்டியை மட்டும் கட்டினாலும் புதுப்பித்துத் தருவார்கள். திகதி தாண்டிவிட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.