ரிவர்ஸ் பயஸ் ‘தலைகீழ்ச் சார்பு’ அல்ல

“ரிலே சுருளுக்குக் குறுக்கே டையோடைத் தலைகீழ்ச் சார்பில் இணைக்கவும்.” ரிவர்ஸ் பயஸ் என்பதைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். டையோடு, கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்; ரிலே, சுருளில் கரண்ட் பாய்ந்தால் இயங்கும் ஸ்விட்ச். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர்வெல் மோட்டாரின் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பழுது பார்க்கப் பழகும் பையன் இந்த வரியைப் படித்தால் என்ன செய்வான்? டையோடைத் திருப்பிப் போடுவான். வெள்ளிக்கோடு போட்ட கேத்தோடு முனை சுருளின் பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். மாறிப்போனால், ரிலேக்கு கரண்ட் வந்த நொடியே டையோடு சப்ளையை ஷார்ட் செய்து, டிரான்சிஸ்டரையும் சேர்த்துக் கருக்கிவிடும்.

பயஸ் பிரெஞ்சு வழி வந்த சொல். சரிவு என்பது மூலப்பொருள். மின்னணுவியலில் அது, ஒரு பாகம் எப்படி இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க அதன் முனைகளுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம் (வோல்டேஜ்).

அழுத்தத்தின் திசையைச் சொல்லும் சொல் இது. பாகத்தைத் திருப்புவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 50 ஹெர்ட்ஸ் ஏசியில் அழுத்தம் 10 மில்லி செகண்ட் ஃபார்வர்ட் (கடத்தும் திசை), அடுத்த 10 மில்லி செகண்ட் ரிவர்ஸ் (தடுக்கும் திசை). டையோடு பற்றவைத்த இடத்திலேயே அசையாமல் இருக்கிறது. இதில் தலைகீழாவது எது?

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் ‘பின்னோக்குச் சார்பு’ இதைவிடத் தேவலாம். ஆனால் அதே மாணவர் அடுத்த பீரியடில் ஃபங்ஷனைச் ‘சார்பு’ என்று படிக்கிறார். ‘தலைகீழ்ச் சார்பு’ என்றால் அவர் காதில் இன்வர்ஸ் ஃபங்ஷன் என்றே விழும். ‘சாய்வு’ என்றாலோ, டையோடின் வளைகோட்டை வரையும்போது ஸ்லோப்போடு முட்டும். ஈழத்தார் ‘கோடல்’ என்கிறார்கள். “ஒருபால் கோடாமை” என்ற குறளின் கோடுதல்தான் அது. வேர்ப்பொருளில் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் இங்கே கோடு என்றால் ஸ்கேல் வைத்துப் போடுவது. ஒரு சொல்லுக்கே உரை எழுத வேண்டிவரும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டாமல், மீட்டரை ஒருமுறை கையில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து, சிவப்பு வயரை 1என்4007 என்ற டையோடின் கோடில்லாத முனையான ஆனோடிலும் கறுப்பைக் கோடுள்ள முனையிலும் தொட்டால் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும். வயரை மாற்றினால் ஓஎல், அதாவது கரண்ட் போகவில்லை. ஒன்று கடத்தும் திசை, மற்றது தடுக்கும் திசை. கடைகளில் ‘போற பக்கம், தடுக்குற பக்கம்’ என்பதும் இதுதான். ஜெர்மன் மொழியிலும் இதே பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். எனவே கடத்துதிசை அழுத்தம், தடுப்புத்திசை அழுத்தம் என்போம்.

ஜீனர் என்ற டையோடு வகை தடுப்புத்திசையிலும் கடத்துமே என்பார்கள். 5.1 வோல்ட் ஜீனர் ஏறக்குறைய அந்த அளவு வரை தடுத்த பிறகே கடத்துகிறது. 1என்4007-க்கு அந்தத் தடுப்பின் வரம்பு 1000 வோல்ட். பெயர் இரண்டுக்கும் செல்லும்.

அந்த வரி இப்படி இருக்கட்டும்: “கேத்தோடு முனை சுருளின் பாசிட்டிவ் பக்கம் வரும்படி, டையோடைத் தடுப்புத்திசையில் இணைக்கவும்.”