கன்சென்ட் வாங்கியாச்சா?

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தினமும் காலை எட்டு மணிக்கு இந்தக் கேள்வி காதில் விழும். "கன்சென்ட் வாங்கியாச்சா சிஸ்டர்?" "ஆச்சு டாக்டர், ஃபைல்ல இருக்கு." மயக்க மருந்து டாக்டராக 18 வருடம் ஓடிவிட்டது. நானும் இதையே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கன்சென்ட் என்றால் சம்மதம். ஆனால் ஆஸ்பத்திரியில் இப்போது அது கையெழுத்துப் போட்ட ஒரு தாள், அவ்வளவுதான். ரத்த ரிப்போர்ட் வாங்குகிற மாதிரி, எக்ஸ்ரே வாங்குகிற மாதிரி அதையும் 'வாங்கி' ஃபைலில் வைக்கிறோம். யாரிடம் வாங்கினோம், அவருக்கு என்ன புரிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குச் 'சேர்ந்து உணர்வது' என்று பொருள். நம் நாட்டில் 1872-ல் வந்த ஒப்பந்தச் சட்டம், 13-வது பிரிவில் இன்னும் தெளிவாகச் சொல்கிறது: இருவர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒத்துக்கொள்வதுதான் கன்சென்ட். வியாபாரத்துக்காக எழுதிய வரிதான். ஆனாலும் வார்டுக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்த 'ஒரே அர்த்தத்தில்'.

ஒருநாள் மாலை, மறுநாள் ஆபரேஷனுக்கு இருந்த ஓர் அம்மாவைப் பார்க்கப் போனேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். பித்தப்பையில் கல். ஃபைலில் எல்லாத் தாளிலும் மகன் கையெழுத்து. 'எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது' என்ற வரி ஆங்கிலத்தில் இருந்தது, அதன் கீழேயும் மகன்தான் போட்டிருந்தார்.

"நாளைக்கு என்ன ஆபரேஷன்னு சொன்னாங்கம்மா?"

"கல்லை எடுக்கப் போறாங்களாம். எடுத்துட்டு ரெண்டு நாள்ல அனுப்பிடுவாங்களாம்."

"கல்லை மட்டும் இல்லம்மா. பித்தப்பையையே எடுத்துடுவாங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "பையையேவா? அப்புறம் சோறு எப்படி டாக்டரம்மா செரிக்கும்?"

நியாயமான கேள்வி. சிறுநீரகக் கல்லை மட்டும் தனியாக எடுப்பதை ஊரில் பார்த்திருக்கிறார், இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பை அதைச் சேர்த்து வைக்கிற இடம் மட்டும்தான், பையை எடுத்தாலும் நீர் நேராகக் குடலுக்குப் போய்விடும், கல்லை மட்டும் எடுத்துப் பையை விட்டால் திரும்பவும் கல் வரும் என்று சொன்னேன். சின்னத் துளைகள் வழியாகத்தான் செய்வார்கள், உள்ளே சிக்கல் இருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டியும் வரலாம் என்பதையும் சொன்னேன். பத்து நிமிடம் ஆனது. "பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுச் சொல்றேன்" என்றார். மகனுக்கோ கோபம்: "நான்தான் சைன் பண்ணிட்டேனே மேடம், ஏன் இப்போ பயமுறுத்துறீங்க?"

அவர் மேல் தப்பில்லை, அவரிடம்தானே நாங்கள் தாளை நீட்டினோம்.

டெல்லியில் 1995-ல் 44 வயதுப் பெண் ஒருவர் அதிக உதிரப்போக்குக்காக ஒரு கிளினிக்குக்குப் போனார். சின்னத் துளை வழியாகக் கேமராவை விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்குக் கையெழுத்துப் போட்டார். அவர் மயக்கத்தில் கிடந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய அம்மாவிடம் கேட்டுக்கொண்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் அவர் கண்விழிக்கும் வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும், பெற்ற தாயின் சம்மதமும் அதற்கு ஈடாகாது என்றது நீதிமன்றம். என்ன சிகிச்சை, எதற்காக, என்ன நன்மை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும், இவ்வளவும் சொல்லித்தான் சம்மதம் கேட்க வேண்டும் என்றும் சொன்னது. விபத்தில் நினைவில்லாமல் வருபவரை யாரையும் கேட்காமலே காப்பாற்றலாம். அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, அதில் குழப்பம் வேண்டாம்.

எனக்கு அதிகம் வலிப்பது புருஷன் கையெழுத்து விஷயம். 18 வயது நிறைந்த, மனநிலை சரியாக உள்ள பெண்ணின் கருக்கலைப்புக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும் என்று 1971-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனாலும் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிற இடங்கள் இருக்கின்றன. டாக்டர்களுக்கான 2002-ம் ஆண்டு ஒழுக்க விதியிலும் கையெழுத்துப் பட்டியல் 'கணவன் அல்லது மனைவி' என்றுதான் தொடங்குகிறது, நோயாளி கடைசியில் வருகிறார். என் அனுபவத்தில், ஆண் நோயாளிக்கு மனைவியின் கையெழுத்து இல்லை என்று ஆபரேஷன் நின்று நான் பார்த்ததில்லை.

படிவங்களில் 'ஒப்புதல்' என்று அச்சடிக்கிறார்கள். நான் 'சம்மதம்' என்றுதான் கேட்பேன். "பொண்ணுக்குச் சம்மதமா?" என்று வீட்டில் கேட்டுப் பழகிய சொல், அதன் கனம் எல்லோருக்கும் தெரியும். மௌனம் சம்மதம் என்பதை மட்டும் வார்டுக்குள் கொண்டுவர வேண்டாம். அங்கே மௌனம் பெரும்பாலும் பயம்தான், இல்லாவிட்டால் டாக்டருக்குக் காட்டுகிற மரியாதை. "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்க" என்பதும் அப்படித்தான். அந்த நம்பிக்கையைப் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் அந்தச் 'சரி'க்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமல் ஊசியை எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. "நாளைக்கு என்ன செய்யப் போறாங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்பேன். அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

நீங்கள் படுக்கையில் இருந்தால், தாளை உங்களிடமே தரச் சொல்லுங்கள். தமிழில் இல்லையென்றால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். நிரப்பாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மயக்க மருந்துக்குத் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும், முதுகில் ஊசியா, முழு மயக்கமா, ஏன் என்று கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு மனசு மாறினாலும் சொல்லலாம், தியேட்டர் வாசலில்கூட. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்த அம்மா மறுநாள் காலையில் புதுத் தாளில், எழுத்துக் கூட்டி, தன் பெயரை எழுதினார். மேஜையில் படுத்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்லை முதல்ல எனக்குத்தான் காட்டணும், அவனுக்கு இல்ல" என்றார். சாயங்காலம் சின்ன பாட்டிலில் போட்டு அவர் கையிலேயே கொடுத்தோம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாக எண்ணினார்.