களைத்த குரலுக்கு நீர்க்குமிழிப் பயிற்சி

ஐந்து கட்டை சுருதியில் (மேலைநாட்டு இசையில் G) பாடும் ஒரு பாடகி மேல் ஷட்ஜத்தில், அதாவது மேல் 'ஸ'வில் நிற்கும்போது, அவருடைய குரல் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 390 முறை மோதிப் பிரிகின்றன. ஒரு நிமிடம் நின்றால் 23,000 மோதல்களைத் தாண்டிவிடும். நாண்களைப் போர்த்தியிருக்கும் மென்சவ்வு இவற்றைத் தாங்கித் தாங்கி வீங்கும்போது, அதை அதிரச் செய்ய நுரையீரல் கூடுதலான அழுத்தத்தைத் தர வேண்டியிருக்கிறது. அழுத்தம் கூடக்கூட மோதலும் வலுக்கிறது. கச்சேரியின் பிற்பகுதியில் மேல் ஸ்தாயி எட்டாமல் போவதும், மெல்லப் பாட முயன்றால் வெறும் காற்று மட்டும் வருவதும் இதனால்தான்.

இந்தச் சுழலிலிருந்து நாண்களை விடுவிக்கக் குரல் சிகிச்சையாளர்கள் கையாளும் வழி, ஒலி வெளியேறும் பாதையைக் குறுக்குவது. பின்லாந்தில் 1960களிலேயே, சுமார் 27 செ.மீ. நீளமுள்ள கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனை வழியாகக் குரல் கொடுக்கும் பயிற்சி இருந்தது. இன்று சாதாரண ஸ்ட்ராவும் ஒரு டம்ளர் நீரும் போதும். நீருக்குள் 2 செ.மீ. ஆழத்திலிருந்து குமிழி வெளியேற வேண்டுமானால், அந்த உயர நீரின் அழுத்தத்தை மீறும் அளவுக்கு வாய்க்குள் காற்றழுத்தம் உயர்ந்தாக வேண்டும். அந்த அழுத்தம் மேலிருந்து நாண்களைச் சற்றே விலக்கிப் பிடிப்பதால், அதிர்வு தொடர்ந்தாலும் மோதல் மென்மையாகிறது. இதோடு, ஒடுங்கிய குழாயில் உள்ள காற்று எளிதில் வேகம் மாறாமல் தன் ஓட்டத்தைத் தக்கவைக்கப் பார்க்கிறது. அமெரிக்கக் குரலியல் அறிஞர் இங்கோ டிட்ஸே விளக்கியபடி, இந்த மந்தம் நாண்களின் அதிர்வுக்குத் துணைநிற்பதால் குறைந்த அழுத்தத்திலேயே ஒலி பிறக்கிறது. வெறும் ஓய்வு வீக்கத்தைத் தணிக்கலாம். ஆனால் குறைந்த உழைப்பில் பாடுவது எப்படியிருக்கும் என்பதை உடலுக்கு உணர்த்த ஓய்வால் முடியாது. இப்பயிற்சியின் அருமை அதில்தான் இருக்கிறது.

ஸ்ட்ராவை உதடுகளால் இறுக்கமின்றிக் கவ்வி, மூக்கு வழியாகக் காற்று கசியாமல் 'ஊ' என்று ஒலித்து, குமிழிகள் சீராக எழுகின்றனவா என்று கவனிக்க வேண்டும். பிறகு கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும், எந்த ஸ்வரத்திலும் நிற்காமல் வழுக்கிச் செல்லலாம். சில நிமிடங்களாகப் பிரித்து, நாளில் பலமுறை செய்வதே நல்லது. ஆழம் கூடினால் உழைப்பும் கூடும் என்பதால், களைத்த குரலுக்கு 1 அல்லது 2 செ.மீ. போதும். தொண்டையைச் செருமுவதும் அழுத்திக் கிசுகிசுப்பதும் நாண்களுக்குச் சுமையே என்பதால், அந்நாட்களில் இரண்டையும் தவிர்க்க வேண்டும். கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், காது மூக்கு தொண்டை மருத்துவர் நாண்களை நேரில் பார்த்தாக வேண்டும்.

'ஆ' என்று ஒலித்து ஸ்வரங்களைப் பாடிப் பழகும் அகார சாதகம், வாயை நன்றாகத் திறந்து செய்வது. அதாவது மேற்சொன்ன துணை எதுவுமின்றி நாண்கள் தனித்து உழைப்பது. ஆகவே களைத்த நாளில் நேராக அதில் இறங்காமல், ஸ்ட்ராவிலிருந்து வாய் மூடிய 'ம்', அதிலிருந்து 'மா', பிறகே அகாரம் என்று மந்திர (கீழ்) ஸ்தாயியிலும் மத்திய (நடு) ஸ்தாயியிலும் படிப்படியாக வருவதே பொருத்தமானது.