பெட்டிக்குள் வராத தேனீக்கள்

தேனீயே இல்லாமல் போனாலும் சேலத்தில் ஜவ்வரிசி கிடைக்கும். மரவள்ளியைக் குச்சி வெட்டித்தான் நடுகிறோம். கிழங்குக்குப் பூவும் வேண்டாம், வண்டும் வேண்டாம். நெல்லும் ராகியும் சாமையும் தப்பித்துக்கொள்ளும், அவை தேனீயை நம்பிக் கதிர் பிடிப்பவை அல்ல. தேனீ அழிந்தால் நாலு வருடத்தில் மனிதனும் அழிவான் என்று ஐன்ஸ்டைன் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. அடி விழும் இடம் வேறு: சேர்வராயன் மலையில் காப்பி, கீழே கத்தரி, தக்காளி, பூசணி, பாகல்.

காப்பியை எடுத்துக்கொள்வோம். கோடையின் முதல் மழை விழும்வரை மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கும். மழை பெய்து பத்து நாள் போல ஆனதும் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். ஏற்காட்டில் அதிகம் இருக்கும் அராபிகா தன் மகரந்தத்திலேயே காய்க்கக்கூடியது. ஆனாலும் தேனீ வந்தால் காய்ப்பு கூடுகிறது. பனாமாவில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில் விளைச்சல் 50 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. செடியும் சும்மா இருப்பதில்லை. காப்பிப் பூவின் தேனில் கொஞ்சம் காஃபீன் உண்டு. அதைக் குடித்த தேனீக்களில், மறுநாளும் அந்த வாசனையை நினைவில் வைத்திருந்தவை மூன்று மடங்கு அதிகம் என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள். காலையில் டிகாக்‌ஷன் இல்லாமல் வேலை ஓடாத நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அந்த மூன்று நாளும் சரி, மீதி வருடம் தேனீ எதைத் தின்னும்? பழைய தோட்டங்களில் நிழலுக்கு நாவல், பலா, முள்முருங்கை என்று பல மரங்கள் இருக்கும். ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று பூக்கும். சீக்கிரம் வளர்கிறது, மிளகு ஏற்றலாம், விற்றால் காசு என்று சில்வர் ஓக்கை மட்டும் வரிசையாக நட்ட இடத்தில் அதுவும் பூக்கத்தான் செய்கிறது, ஆனால் ஒரே பருவத்தில். மற்ற மாதங்களில் சாப்பாடு இல்லை.

உடனே வரும் யோசனை, தேனீப் பெட்டி வைக்கலாமே என்பது. எனக்கு இங்கேதான் சங்கடம்.

பெட்டிக்குள் வாழ்வது பொந்தில் கூடு கட்டும் இனங்கள் மட்டுமே. மலைத்தேனீ பெட்டிக்குள் வராது. பாறை விளிம்பிலோ உயர்ந்த மரக்கிளையிலோ திறந்த வெளியில் ஒற்றை அடையைத் தொங்கவிடும். பருவம் மாறினால் கிளம்பிப் போய், அடுத்த வருடம் பெரும்பாலும் அதே மரத்துக்கே திரும்பி வரும். மரத்தை வெட்டினாலோ கூட்டைக் கொளுத்தினாலோ அந்த விலாசம் போய்விடுகிறது. ஊருக்குள் தண்ணீர்த் தொட்டியிலும் மாடிச் சன்ஷேடிலும் அது கூடு கட்டினால் நாம் என்ன செய்கிறோம் என்பது தெரிந்ததுதான்.

கத்தரியின் கதை இதைவிட விசேஷம். பெரும்பாலான பூக்களில் மகரந்தப் பை வெடித்துத் திறக்கும். கத்தரியிலும் தக்காளியிலும் பூவின் நடுவே மஞ்சளாகக் கூம்பி நிற்கும் பைகளுக்குள் தூள் அடைந்து கிடக்கும். கத்தரியில் வழி என்று இருப்பது நுனியில் ஒரு சிறு துளை. மூடியில் ஓட்டை போட்ட பவுடர் டப்பாவைப் போல, குலுக்கினால்தான் கொட்டும். கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீயும், வயிற்றில் நீலப்பட்டை போட்ட தேனீயும் இதில் கைதேர்ந்தவை. பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல், பறக்க உதவும் தசையை மட்டும் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அதிரவிடும். அதிர்வு பூவுக்குள் இறங்கி, தூள் சீறிக்கொண்டு வெளியே வரும். பறக்கும்போது கேட்கிற ரீங்காரத்தைவிடச் சுருதி ஏறிய ஒரு ‘ஜ்ஜ்ஜ்’ கேட்கும். கத்தரிக் கொல்லையில் காலையில் நின்றால் காதிலேயே பிரித்தறியலாம். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. எத்தனை பெட்டி வைத்தாலும் தெரியாது. காற்றில் ஆடி ஓரளவு காய்க்கும்தான், ஆனால் வண்டு வந்த செடியில் காய்ப்பு கூடுதல்.

பெட்டிகளை இடம் விட்டு இடம் நகர்த்துவதில் இன்னொரு ஆபத்து, நோயும் கூடவே போகும். 1991-92-ல் தென்னிந்தியாவில் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் பரவியது. புழு கூட்டுப்புழுவாக மாறாமல், தோலுக்குள் நீர் கோத்து ஒரு பையாகிச் செத்துப்போகும். நம் நாட்டுத் தேனீக் கூட்டங்களில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. அந்த இடத்தை நிரப்ப இத்தாலியத் தேனீயைக் கொண்டுவந்தார்கள். தேன் விளைச்சலுக்குச் சரி, காட்டுத் தேனீக்கு என்ன லாபம்? சிலி நாட்டில் தக்காளிக்காக 1990களின் கடைசியில் பூவைக் குலுக்கத் தெரிந்த ஐரோப்பிய பம்பிள் தேனீயை இறக்கினார்கள். அது தோட்டத்தைத் தாண்டி, மலையைத் தாண்டி, அர்ஜென்டினா வரை போனது. போன இடங்களில் எல்லாம் அந்த மண்ணின் பெரிய செம்பழுப்புத் தேனீ காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. உதவி செய்யப் போய் வந்த வினை.

மருந்து விஷயத்துக்கு வருவோம். மாம்பூவில் தத்துப்பூச்சிக்கு அடிக்கும் இமிடாகுளோப்ரிட், பூச்சியின் நரம்பில் செய்தி வாங்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. நரம்பு ஓயாமல் துடித்து, பூச்சி சாகிறது. தேனீயின் நரம்பும் அதே மாதிரிதான். சாகாத அளவில் பட்டாலும் வழி மறக்கும். கூட்டுக்குத் திரும்பாத தேனீ செத்ததற்குச் சமம். இது செடிக்குள் பரவும் மருந்து, ஆகவே மகரந்தத்திலும் தேனிலும் வந்து நிற்கும். இதையும் இதன் இனத்து இரண்டு மருந்துகளையும் ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் திறந்தவெளி வயல்களில் தடை செய்தது. நம்மூரில் பூ நிற்கும்போதே அடிக்கிறோம், அதுவும் தேனீயும் ஈயும் (மாமரத்துக்கு ஈதான் முக்கிய ஆள்) மொய்க்கும் காலை நேரத்தில்.

பெட்டித் தேனீ வேண்டாம் என்று சொல்லவில்லை. தேன் தொழிலுக்கு அது தேவை. ஆனால் நீலப்பட்டைத் தேனீ மண்ணில் துளை போட்டு முட்டையிடுகிறது. வரப்பில் கொத்தாத, சிமென்ட் பூசாத ஒரு முழம் மண் கிடைத்தால் அதற்குப் போதும். கருவண்டுக்கு வேண்டியது காய்ந்த மரம். வேலியோரம் பட்டுப்போன முருங்கையை அப்படியே விடலாம். பூக்கும் நாட்களில் மருந்தைத் தள்ளிப்போட வேண்டும், தவிர்க்கவே முடியாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு அடிக்க வேண்டும். இதற்கெல்லாம் மானியம் கிடையாது, திறப்பு விழாவும் கிடையாது, அதனால்தானோ என்னவோ யாரும் அதிகம் பேசுவதில்லை.