ஞாபகசக்திக் குளிசை கேட்டு வரும் பெற்றோருக்கு

உயர்தரப் பரீட்சை நெருங்கினால் களுவாஞ்சிகுடி, செட்டிபாளையம் பக்கமிருந்து வரும் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "டொக்டர், பிள்ளைக்கு ஞாபகசக்திக்கு ஏதாவது எழுதித் தாருங்கள்." சிலர் வெளிநாட்டு உறவினர் அனுப்பிய போத்தலுடனேயே வருகிறார்கள்.

அவற்றில் அடிக்கடி காண்பது ஜின்கோ என்ற மரத்தின் இலைச்சாற்றில் செய்த குளிசை. அமெரிக்காவில் 3,000க்கும் மேற்பட்ட முதியவர்களில் ஒரு பாதியினருக்கு ஜின்கோவும் மறுபாதியினருக்கு வெற்றுக் குளிசையும் கொடுத்து ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். அது மறதிநோயைத் தடுக்கவில்லை என்ற முடிவு 2008இல் வெளியானது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அதை வாங்க நான் சொல்லமாட்டேன். பி12 விற்றமினும் குறைபாடு உள்ளவருக்குத்தான் மருந்து.

உற்சாக பானங்கள் வேறு விதமாகக் கெடுக்கின்றன. 250 மில்லிலீற்றர் பானத்தில் சுமார் 80 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. உடலில் அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணிநேரம் எடுக்கும். மாலை ஆறு மணிக்கு ரியூசனுக்குப் போகும் வழியில் குடித்தால், இரவு பதினொரு மணிக்கு ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டுப் படுப்பதற்குச் சமம். பகலில் படித்தது மனதில் பதிவதற்குத் தூக்கம் வேண்டும். அதையே பறித்துவிட்டு ஞாபகசக்திக்குக் குளிசை தேடுவதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது.

கவனக்குறைபாட்டுக்காக ஒரு பிள்ளைக்கு விசேட வைத்திய நிபுணர் எழுதிய மெதைல்பெனிடேற் குளிசையை நண்பர்கள் பகிர்ந்து விழுங்குவது மிகவும் ஆபத்தானது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயரும், பசியும் தூக்கமும் போய்விடும்.

"புத்தகத்தைத் திறந்தால் தூங்கிவிடுகிறாள்" என்று மகளைப் பற்றிச் சொல்லும் தாய்மாரிடம் நான் முதலில் கேட்பது மாதவிடாயைப் பற்றித்தான். அதிக இரத்தப்போக்கு, காலையில் வெறும் பிளேன்ரீ, மதியம் அவசரச் சோறு. இப்படி இருக்கும் பிள்ளைக்கு இரும்புச்சத்து குறைவது இயல்பு. களைப்பும் கவனச்சிதறலும் அதன் அறிகுறிகள். ஹீமோகுளோபின் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தச்சோகை. சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மீன், ஈரல், முருங்கை இலை ஆகியவற்றோடு தேசிக்காய்ச் சாறும் சேர்த்துக் கொடுங்கள். சாப்பாட்டுடன் தேநீர் கொடுக்காதீர்கள், அது இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரும்புக் குளிசையைப் பரிசோதிக்காமல் நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம்.

ஏற்கெனவே ஏதாவது வாங்கியிருந்தால் போத்தலை எடுத்து வந்து வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வோபரின் அல்லது அஸ்பிரின் எடுக்கும் தாத்தா, பாட்டி அந்த ஜின்கோவைப் பகிர்ந்துகொள்கிறார்களா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவர்களுக்கு அது இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும்.